விலையை ஒப்பிடுமுன் பொருளை ஒப்பிடுக

மீன் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசி முதற் கடையில் விலை கேட்டவுடன் காசை எடுத்து நீட்டுவதில்லை. நாலு கடை ஏறி இறங்குவாள். செவுளை விரித்துப் பார்ப்பாள். விரலால் அழுத்திப் பார்ப்பாள். அதன் பின்னரே பேரம் பேசுவாள். பாரை மீனின் விலையையும் சூடை மீனின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சூடையே மலிவு" என்று அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள். இரண்டும் மீன்தான், ஆயினும் இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதை அவள் நன்கு அறிவாள்.

அதே வீட்டில் மகனுக்கோ மகளுக்கோ கணினி உறுப்பு ஒன்று வாங்க வேண்டி வரும்போது இந்த விவேகம் எங்கோ ஒளித்துக்கொள்கிறது. கைத்தொலைபேசியில் ஐந்து இணையக் கடைகளைத் திறக்கிறோம். எந்தக் கடையில் எண் சிறிதாக இருக்கிறதோ அந்தக் கடையே நல்ல கடை என்று தீர்மானிக்கிறோம். பாரையையும் சூடையையும் ஒரே தராசில் வைத்துவிட்டோம் என்பது பொதி வீட்டுக்கு வந்து, அதைப் பிரித்து, கணினியில் பூட்ட முயலும்போதுதான் தெரியவருகிறது. அதற்குள் சீட்டுக்காசு செலவாகியிருக்கும், பரீட்சையும் நெருங்கியிருக்கும்.

இவ்விடயம் அண்மைக்காலத்தில் பல குடும்பங்களுக்கு அவசரமாகியிருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயக்கத் தொகுதிக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட செயலிகளுள் ஒன்றும் கணினியில் இருத்தல் வேண்டும். ஆகவே உறுப்பு வாங்கப் புறப்படுமுன் நம் கணினி அதற்குத் தகுதியானதா என்று பார்த்துக்கொள்வது நன்று. தகுதியில்லாவிடினும் அதனைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் வகை இயக்கத் தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் எஸ்.எஸ்.டி.யும் சிறிது கூடுதலான நினைவகமும் பூட்டினால், கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் பழைய கணினி இன்னுஞ் சில ஆண்டுகள் உழைக்கும். அந்த இரண்டு உறுப்புகளையும் எங்கே வாங்குவது என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

ஒரே பொருள்தானா?

ஒப்பீட்டின் முதற்படி எந்தக் கடையிலும் இல்லை. நம் வீட்டு மேசையின் மேல் இருக்கும் கணினியிலேயே இருக்கிறது. அதற்குள் எவ்வகை உறுப்புப் பொருந்தும் என்பதை அறியாமல் விலை பார்ப்பது, காலின் அளவு தெரியாமல் செருப்பு விலை பார்ப்பதற்குச் சமானம்.

நினைவகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 'றாம்' என்று யாவரும் அழைக்கும் இந்தச் சிறு பலகை டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 எனத் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் அடிவிளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை அவ்வெட்டு இடம் மாறியிருப்பதால், ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மேசைக் கணினிக்குரிய பலகை நீளமானது, மடிக்கணினிக்குரியது குறுகியது. இவ்வளவையும் சரிபார்த்த பின்னரும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. ஒரு கடை 16 ஜிகாபைட் என்று போட்டிருப்பது தனிப் பலகையாக இருக்கலாம். மற்றொரு கடை போட்டிருப்பது 8 ஜிகாபைட் கொண்ட இரு பலகைகளின் சோடியாக இருக்கலாம். சோடியாகப் பூட்டினால் பெரும்பாலான கணினிகளில் செயலி இரு வழிகளாலும் ஒருங்கே நினைவகத்தை அணுகும், வேகம் கூடும். தனிப் பலகையோ பிற்காலத்தில் இன்னொன்று பூட்டுவதற்கு இடம் விட்டு வைக்கும். இவற்றுள் எது வேண்டுமென்று தீர்மானித்த பின்னரே விலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எஸ்.எஸ்.டி. சுழலும் பழைய வன்தட்டு ஒரு செக்கனில் ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபைட் வரை வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட் வாசிக்கும். என்.வி.எம்.இ. வகையில் மூன்றாந் தலைமுறை இணைப்பைப் பயன்படுத்துவன 3,500 வரையும், நான்காந் தலைமுறையின் விரைவானவை 7,000 வரையும் செல்லும். இங்கே மயக்கந் தருவது 'எம்.2' என்னும் சொல். அது ஒடுங்கிய அந்தப் பலகையின் வடிவத்தைக் குறிக்கும் பெயரேயன்றி வேகத்தைக் குறிக்கும் பெயரன்று. எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. சில தாய்ப்பலகைகள் ஒன்றை ஏற்கும், மற்றொன்றை ஏற்கமாட்டா. மிகப் பழைய தாய்ப்பலகையில் எம்.2 வடிவத்துக்கு இடமே இராது. அதற்கு இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி.யே ஏற்றது. சுழலும் வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது கிடைக்கும் வேறுபாட்டை எவரும் உடனே உணர்வர். அதற்கு மேலுள்ள வேகத்தைச் சாதாரணப் படிப்பு வேலையில் உணர்வது அரிது. ஆகவே பெரிய எண்ணுக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

புதிதாக ஒரு கணினியைச் சேர்த்துக் கட்டுவோர் செயலி வாங்கும்போது ஓர் எழுத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். இன்ரெல் நிறுவனத்தின் கோர் ஐ5-12400 என்பதும் கோர் ஐ5-12400எஃப் என்பதும் கணிக்கும் திறனில் ஒன்றே. ஆனால் 'எஃப்' என்னும் எழுத்துடையதில் படத்தைத் திரைக்கு அனுப்பும் வரைகலைப் பகுதி செயற்படாது. தனியாகக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத வீட்டில் அதை வாங்கிப் பூட்டினால் கணினி இயங்கும். திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 என்பதற்கும் 5600ஜீ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. 'ஜீ' உடையதில் வரைகலைப் பகுதி உண்டு. ஆனால் அதன் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் 16 மெகாபைட். மற்றதில் 32 மெகாபைட். பெயர் ஒன்றுபோலத் தோன்றினும் பொருள் வேறு.

அன்றியும், ஒரே செயலியைச் சில கடைகள் நிறுவனத்தின் பெட்டியுடன் விற்கின்றன. சில கடைகள் தட்டில் அடுக்கி வந்ததைத் தனியாக எடுத்து விற்கின்றன. இரண்டாவது வகையை 'ட்ரே' என்பர். இன்ரெல் செயலியைப் பெட்டியுடன் வாங்கினால் நிறுவனத்தின் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பல வகைகளில் குளிராக்கும் விசிறியும் உள்ளே இருக்கும். தட்டில் வந்ததற்கு விசிறி இராது. உத்தரவாதத்தை விற்றவரிடமே கேட்க வேண்டும். விசிறியைப் பின்னர் தனியாக வாங்கிய பின்பு கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றியது மலிவாக இராமற்போகலாம்.

மின் வலு வழங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. '80 பிளஸ்' என்னும் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுவது. பொருளின் பாதுகாப்பு முழுவதற்கும் அது சாட்சியன்று. ஆயினும், முத்திரையும் இல்லாமல், செய்தவர் பெயரும் இல்லாமல், வாற்று எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு வரும் வலு வழங்கியை விலை பார்த்து வாங்குவது பேராபத்து. அது கெடும்போது தான் மட்டும் கெடுவதில்லை. பக்கத்திலுள்ள விலையுயர்ந்த உறுப்புகளையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் எளிய பரிகாரம் ஒன்றுண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் அதைச் செய்த நிறுவனம் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பகுதி எண்ணைக் கொடுத்திருக்கிறது. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் அந்த எண்ணைக் கண்டு, ஒரு கொப்பியில் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள். கடைகளில் தேடும்போது பொருளின் பெயரைக் கொடாமல் அந்த எண்ணைக் கொடுங்கள். கடைக்காரர் அவ்வெண்ணைப் போடாவிடில் கேளுங்கள். சொல்ல மறுக்கும் கடையின் விலையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். எண் ஒன்றாயிருப்பினும் முழு நிம்மதி இல்லை என்பதும் உண்மை. பெயர் பெற்ற சில எஸ்.எஸ்.டி. வகைகளின் உட்பாகங்கள் பெயர் மாறாமலே மாற்றப்பட்டமை 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆகையால் பழைய மதிப்புரைகளை மட்டும் நம்பாமல் அண்மையில் வாங்கியவர்களின் அனுபவத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

எழுதிய விலையும் கொடுக்கும் விலையும்

பொருள் ஒன்றே என்று உறுதியான பின்பு விலைக்கு வருவோம். திரையில் எழுதியிருக்கும் விலை வேறு. பொருள் நம் கைக்கு வந்து சேரும்வரை நாம் கொடுக்கும் தொகை வேறு. நம் நாட்டில் பெறுமதி சேர் வரி 2024 சனவரி 1ஆம் திகதி முதல் நூற்றுக்கு 18 வீதமாகும். சில கடைகள் வரியைச் சேர்த்து விலை எழுதுகின்றன; சில கடைகள் கடைசியில் சேர்க்கின்றன. காசுக்கு ஒரு விலை, கடனட்டைக்கு ஒரு விலை என்று வைத்திருப்போரும் உளர். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பும் கூலி இன்னொன்று.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே; எந்தக் கடையின் விலையுமல்ல. ஒரே எஸ்.எஸ்.டி.யை மூன்று கடைகள் விற்கின்றன என்று கொள்வோம்.

முதற் கடை: எழுதிய விலை 18,500 ரூபா. வரி தனி. 18 வீத வரி 3,330 ரூபா. கூட்டினால் 21,830 ரூபா. கடனட்டைக்கு 3 வீதம் என்று 655 ரூபா. அனுப்பும் கூலி 600 ரூபா. மொத்தம் 23,085 ரூபா. உத்தரவாதம் ஓராண்டு.

இரண்டாங் கடை: எழுதிய விலை 21,900 ரூபா. வரி உட்பட. பொருள் கிடைத்த பின் காசு கொடுக்கலாம். அனுப்பும் கூலி 450 ரூபா. மொத்தம் 22,350 ரூபா. உத்தரவாதம் மூன்றாண்டு.

மூன்றாங் கடை: எழுதிய விலை 20,400 ரூபா. வரியும் கூலியும் உட்பட. மொத்தம் அதுவே. உத்தரவாதம் என்று எதுவும் இல்லை. ஏழு நாளுக்குள் பழுதைச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

திரையில் மிக மலிவாக நின்ற முதற் கடை, கணக்கின் முடிவில் மிக விலையுயர்ந்த கடையாகிவிட்டது. இனி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே தெரிவு. வேறுபாடு 1,950 ரூபா. மூன்றாண்டு உத்தரவாதத்துக்காக இத்தொகையைக் கொடுக்கிறோம் என்று கொண்டால், மாதமொன்றுக்கு ஏறத்தாழ 54 ரூபா. இந்த 54 ரூபாவைச் சேமிப்பதா, கொடுப்பதா என்பதே உண்மையான கேள்வி. ஒவ்வொரு வீடும் தன் நிலைக்கேற்ற விடையைச் சொல்லலாம். ஆனால் கேள்வி இன்னதென்று தெரிந்து விடை சொல்ல வேண்டும். வெறும் 18,500 ஐயும் 21,900 ஐயும் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியே கண்ணிற் படாது.

உத்தரவாதம் யாருடையது?

உத்தரவாதமும் விலையின் ஒரு கூறே. ஆயினும் 'மூன்றாண்டு' என்ற சொல்லை மட்டும் கண்டு மனம் நிறைந்துவிடலாகாது. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உத்தரவாதம் தருவது நிறுவனத்தின் உள்ளூர் முகவரா, அல்லது கடைக்காரர் மாத்திரமா? பழுதானால் புதியது தருவார்களா, திருத்தித் தருவார்களா? பழுதான பொருளைக் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது? இந்த மூன்றாங் கேள்வி கொழும்பில் இருப்பவருக்குச் சிறிது. வவுனியாவிலோ திருகோணமலையிலோ இருப்பவருக்குப் பெரிது. பம்பலப்பிட்டியில் வாழ்பவருக்கு மலிவான கடை, கிளிநொச்சியில் வாழ்பவருக்கும் மலிவான கடையாக இருக்க வேண்டிய நியதி இல்லை. சில நூறு ரூபா கூடுதலாகக் கேட்டாலும், நடந்து போய்த் திருப்பிக் கொடுக்கக்கூடிய உள்ளூர்க் கடைக்காரர் சில வேளைகளில் உண்மையில் மலிவானவர்.

டராஸ் போன்ற இணையச் சந்தைகளில் வாங்குவோர் இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். அது ஒரு கடையன்று. பல கடைக்காரர் கூடும் சந்தை. சந்தையின் பெயரை நம்பி வாங்காமல், பொருளை விற்பவர் யாரென்பதைப் பார்க்க வேண்டும். நம்பமுடியாத விலைக்குப் பெருங் கொள்ளளவு தருவதாகச் சொல்லும் சேமிப்புக் கருவிகள் உலகெங்கும் இணையச் சந்தைகளில் விற்கப்பட்டு வருகின்றன. உள்ளே இருப்பது சிறிய சில்லு. வெளியே கணினிக்குப் பொய்யான கொள்ளளவைச் சொல்லும்படி அது மாற்றப்பட்டிருக்கும். சிறிது காலம் நன்றாகவே இயங்குவதுபோலத் தோன்றும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பின்னர் சேமிப்பவை யாவும் அழியும். ஓராண்டு எழுதிய குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் அதில் வைத்தவரின் நட்டத்தை எந்த விலைப்பட்டியலும் காட்டாது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்னும் இலவச மென்பொருள்கள் கருவியை முழுவதும் நிரப்பி, திரும்ப வாசித்து, உண்மையைச் சொல்லிவிடும். திருப்பிக் கொடுக்கும் நாள் முடியுமுன் இச்சோதனையைச் செய்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடையின் பக்கத்தில் எழுதியிருந்த விலையையும் உத்தரவாதத்தையும் வாங்கும் நாளிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கம் நாளை மாறலாம். குறை நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதனோடு தொடர்பு கொள்ளலாம். முறைப்பாட்டைக் காலந் தாழ்த்தாமல், ஆதாரத்துடன் செய்தல் வேண்டும்.

இன்று கண்ட விலை நாளை இல்லை

அரிசி, மா போன்றவற்றின் விலையேற்றத்துக்கு நாம் பழகியவர்கள். கணினி உறுப்பின் விலையோ, எங்கோ தூரத்து நாட்டில் நிகழ்ந்த ஒன்றாலும் ஏறும். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. உலகெங்கும் வன்தட்டின் விலை பாய்ந்தேறியது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால், பல வகை றாம் பலகைகளின் விலை சில மாதங்களுக்குள் இருமடங்கையும் தாண்டியது. அவ்வாண்டு திசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், 'குறூசியல்' என்னும் பெயரில் வீட்டுப் பாவனையாளருக்கு விற்று வந்த வியாபாரத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தது. நம் நாணயத்தின் கதையை நாம் மறக்கவில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா அளவில் நின்றது. உறுப்புகள் யாவும் இறக்குமதிப் பொருள்கள் ஆதலால், நாணயத்தோடு அவற்றின் விலையும் அசைகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒப்பிடும் விலைகள் யாவும் ஒரே நாளில் எடுக்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும். போன மாதம் ஒரு கடையில் கண்ட விலையையும் இன்று மற்றொரு கடையில் கண்ட விலையையும் ஒப்பிட்டு, பின்னவரை அநியாய வியாபாரி என்று பழிப்பது முறையன்று.

மறுபுறத்தில், 'பழைய விலை இவ்வளவு, புதிய விலை இவ்வளவு' என்று கோடு கிழித்துக் காட்டும் கழிவையும் அப்படியே நம்பலாகாது. அந்தப் பழைய விலை எந்நாளில் இருந்தது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, கழிவை அறிவிக்கும் வியாபாரி அதற்கு முந்திய 30 நாள்களில் தாம் விற்ற ஆகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். விழாவுக்கு முந்திய வாரம் விலையை உயர்த்தி, விழாவன்று இறக்கிக் காட்டும் தந்திரத்துக்கு அங்கே இட்ட கடிவாளம் இது.

விலைகளைத் திரட்டி மக்களுக்குக் காட்டும் முயற்சி புதியதன்று. 1997ஆம் ஆண்டில் யப்பானில் மாக்கினோ மிட்சுவாக்கி என்பவர், தோக்கியோ நகரின் அக்கிஹபாரா மின்பொருட் சந்தையில் கணினி உறுப்புகளின் விலைகளைத் திரட்டி இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். அது இன்று ககாக்கு.கொம் என்னும் பெரிய நிறுவனமாகியிருக்கிறது. 'ககாக்கு' என்ற யப்பானியச் சொல்லுக்கு விலை என்பதே பொருள். அமெரிக்காவில் தொடங்கிய பி.சி.பார்ட்பிக்கர் என்னும் தளம் விலையை ஒப்பிடுவதோடு, தெரிந்தெடுத்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமா என்றும் சொல்கிறது. இலங்கைக் கடைகளின் விலைகள் அதில் இல்லை. எனினும் பொருத்தம் பார்ப்பதற்கு அது நம் மாணவருக்கும் உதவும், கட்டணம் இல்லை.

விலைக்கு நாமே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளலாம். வாங்க எண்ணிய பொருளின் பகுதி எண்ணை மேலே எழுதி, ஐந்து கடைகளின் பெயரைக் கீழே எழுதி, இரண்டு வாரத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை விலையைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். எந்தக் கடை நிலையாக விற்கிறது, எது ஏற்றி இறக்கி விளையாடுகிறது, எங்கே பொருள் உண்மையில் கையிருப்பில் உள்ளது என்பன யாவும் தாமே வெளிப்படும். வீட்டிலுள்ள மாணவரிடம் இப்பணியை ஒப்படைத்தால், வீதங் கணிக்கும் பாடமும் அதனோடு நடந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்

நம் வீடுகளில் இன்னொரு கடையும் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா, இலண்டனில் இருக்கும் அக்கா. "அங்கே மலிவாம், வரும்போது வாங்கி வரச் சொல்லுவோம்" என்ற பேச்சு எழாத வீடு குறைவு. மலிவாக இருக்கலாம், ஆனால் அங்கும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். இலண்டன் கடை வீட்டுப் பாவனையாளருக்குக் காட்டும் விலையில் 20 வீத வரி அடங்கியிருக்கும். ரொறன்ரோக் கடையின் விலையில் 13 வீத வரி அடங்காது. காசு கொடுக்கும்போதே சேர்க்கப்படும். பொதியாக அனுப்பினால் தபாற் கூலியும், இங்கே சுங்கத்தில் விதிக்கப்படக்கூடிய வரியும் உண்டு. எல்லாவற்றினும் முக்கியம் உத்தரவாதம். சில நிறுவனங்கள் எந்நாட்டில் வாங்கினாலும் ஏற்றுக்கொள்ளும். சில நிறுவனங்கள் வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லும். இதை முன்னரே கேட்டறியாமல் வரவழைத்த பொருள் பழுதானால், பெரியப்பாவுக்கும் சங்கடம், பிள்ளைக்கும் ஏமாற்றம். எடை குறைந்த, எளிதிற் பழுதாகாத உறுப்பாயின் கேட்கலாம். மின் வலு வழங்கி, திரை போன்றவற்றை உள்ளூரில் வாங்குவதே உத்தமம்.

எங்கே நிறுத்துவது?

கடைசியாக, ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் ஸ்ரிக்லர் 1961ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரே வகை மோட்டார் வண்டியை அந்நகரின் வெவ்வேறு விற்பனையாளர் வெவ்வேறு விலைக்குக் கொடுப்பதை எடுத்துக்காட்டி, அவர் கூறியதன் சாரம் இதுவே: விலையைத் தேடி அறிவதற்கும் ஒரு செலவு உண்டு; மேலும் ஒரு கடையைத் தேடுவதால் கிடைக்கக்கூடிய இலாபம் அத்தேடலின் செலவுக்குச் சமமாகும் இடத்தில் தேடலை நிறுத்துதல் அறிவுடைமை. 1982இல் அவருக்குப் பொருளியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

அவர் எழுதிய காலத்தில் தேடலின் செலவு நடைக்கூலியும் வண்டிச் செலவும். இன்று விரலைத் தட்டினால் போதும். செலவே இல்லை என்று தோன்றுகிறது. அது தோற்றமே. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் ஒருவர் இரவிரவாக இருபது கடைகளின் பக்கங்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், அவர் செலவிடுவது பெறுமதி வாய்ந்த பொருள். அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. முந்நூறு ரூபா இறங்குமென்று இரண்டு மாதம் காத்திருந்து, அந்த இரண்டு மாதமும் கணினியின்றிப் படித்தவர் இலாபம் அடைந்தாரா, நட்டம் அடைந்தாரா? 2025ஆம் ஆண்டின் இறுதியில் றாம் விலை இறங்குமென்று காத்திருந்தவர்கள் ஏறிய விலையைக் கொடுக்க நேர்ந்தது.

ஆதலால் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இது. என்ன வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதன் பகுதி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கடை போதும். இரண்டு வாரம் போதும். வரி, கூலி, அட்டைக் கட்டணம் யாவற்றையும் கூட்டி, உத்தரவாதத்தைப் பக்கத்தில் எழுதி, ஒரே நாளில் ஒப்பிடுங்கள். குடும்பத்தில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு மாலையில் முடிவெடுத்து வாங்கிவிடுங்கள். வாங்கிய பின்பு அந்தப் பொருளின் விலையை மீண்டும் தேடிப் பார்க்க வேண்டாம். நூறு ரூபா இறங்கியிருந்தால் மனம் நோகும். ஏறியிருந்தால் வீண் பெருமை வரும். இரண்டாலும் பாடம் ஒரு பக்கமும் முன்னேறாது.